ஏழாங்கட்டை சாய்ந்த பக்கம்

எங்கள் பக்கத்தில் கிலோமீற்றர் யாருக்கும் ஒட்டவில்லை. பாதையோரம் பலகை நட்டு, எண் எழுதி, அரசாங்கம் அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துவிட்டுப் போய்விட்டது. பஸ்ஸில் ஏறினால் இன்றைக்கும் கட்டைதான். மூன்றாங்கட்டை, ஐந்தாங்கட்டை, ஏழாங்கட்டை. மைல்கல்லைத்தான் கட்டை என்கிறோம். தேயிலைப் பெட்டி ஏற்றிய மாட்டு வண்டிகள் போன காலத்தில் வெள்ளைக்காரன் நட்டுவைத்த கற்கள். வண்டி போய்விட்டது, அவனும் போய்விட்டான், மைலும் போய்விட்டது. பெயர் மட்டும் கண்டக்டர் வாயில் இருக்கிறது.

நான் தோட்டப் பாடசாலையில் டீச்சர். பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம் எனக்கு வேண்டும். அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் காலையிலேயே கோபம் வந்துவிடும். அப்படிப் பார்த்துக்கொண்டே போய் வந்ததில் இந்தக் கற்களின் கதி எனக்கு அத்துப்படி. பெரகல சந்திக்குக் கிட்ட ஒன்று சாப்பாட்டுக் கடைக்கு வாசற்படியாகக் கிடக்கிறது. எண் மேல்பக்கம், மிதித்து மிதித்துப் பாதி அழிந்துவிட்டது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒன்றை மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியடியில் போட்டுத் துணி துவைக்கிறார்கள். பாதையை அகலமாக்க வந்த பெக்கோ இயந்திரம் இன்னொன்றை அள்ளி மண்ணோடு மண்ணாகப் பள்ளத்தில் கொட்டியதை என் கண்ணாலேயே பார்த்தேன். நிமிர்ந்து நின்றது எங்கள் ஏழாங்கட்டை ஒன்றுதான். அது ஏன் நிமிர்ந்து நின்றது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஏழாங்கட்டை பாதையின் பள்ளத்துப் பக்கம் நின்றது. அதற்குக் கீழே சரிவாகத் தேயிலை, தேயிலைக்குக் கீழே பள்ளத்து லயம், காம்பரா காம்பராவாக ஒட்டிய தொழிலாளர் வீட்டு வரிசை. அந்த லயத்தின் கடைசிக் காம்பராவில்தான் என் அக்கா குடியிருந்தாள். நான் பிறந்ததும் அதே காம்பராவில்தான். கல்யாணமாகி நான் மேலே கடைவீதிக்கு வந்துவிட்டேன், அக்கா அங்கேயே இருந்துவிட்டாள். அவள் பிள்ளைகள் கொழும்பில் வேலை. வீட்டில் அவளும், அத்தானும், ஒரு கறவை மாடும்தான். மூன்று பேரில் அக்கா அதிகம் பேசுவது மாட்டோடு.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஆற்றில் கரகம் பாலித்து, லயத்தின் நடுவே ஏறி, பாதைக்கு வந்து, ஏழாங்கட்டையில் நிற்பார்கள். அதுதான் எல்லை. கல்லுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சம்பழம் வெட்டி நாலு திசைக்கும் வீசிய பிறகுதான் கரகம் கோயிலுக்குப் போகும். அம்மன் ஏறி வருவது பள்ளத்திலிருந்து. கல் சாய்வதும் பள்ளத்துப் பக்கம். இது போதாதா எங்கள் ஆட்களுக்கு? அம்மா வரும் பக்கம் பார்த்துக் கல் கும்பிடுகிறது என்று சொல்லி எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திருவிழாவுக்குக் கொடியேற்றுவதற்கு முன்னால் அலவாங்கு கொண்டு வந்து, அடியில் நெம்பி, சல்லிக்கல் அடைத்து, மண் போட்டு இடித்து, கல்லை மறுபடி நிமிர்த்துவார்கள். பிறகு சுண்ணாம்பு அடித்து, ஏழு என்ற எண்ணுக்குக் கறுப்புப் பெயின்ட். கும்பிட்ட கல்லை நிமிர்த்தினால்தானே அடுத்த வருஷமும் கும்பிடும்.

இதற்கெல்லாம் முன்னுக்கு நிற்கிறவர் அத்தான். கோயில் தலைவர். கோணலாக எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும். காம்பரா வாசல் கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும்; உடனே இழைப்புளியை எடுத்து ஓரத்தைச் சீவிவிடுவார். அடுத்த மழைக்கு மறுபடி இறுகும், மறுபடி சீவுவார். அந்தக் கதவு வருஷா வருஷம் மெலிந்துகொண்டே போனது. மழையில் மரம் ஊதுகிறது என்பார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மண்சரிவைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க அதிகாரிகள் எங்கள் பாடசாலைக்கு வந்துபோன மறுநாள், அவர்கள் சொன்னதைப் பிள்ளைகளுக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மரம் சாயும், கம்பம் சாயும், சுவர் வெடிக்கும், ஓடுகிற ஊற்று திடீரென்று நின்றுவிடும், கதவு ஜன்னல் இறுகும். சொல்லிக்கொண்டே வந்தவள் கதவு என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஏழாங்கட்டையை எப்போதோ ஒரு தடவை நிமிர்த்தியதாக ஞாபகம். பிறகு சில வருஷத்துக்கு ஒரு முறை. இப்போதோ திருவிழாவுக்குத் திருவிழா. கல் கும்பிடவில்லை. கல் நின்ற மண் என் அக்கா வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அதை யாரும் பார்த்துவிடாதபடி வருஷா வருஷம் நிமிர்த்தி, வெள்ளை அடித்து, பொட்டும் வைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று பின்னேரமே அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த நேரம். இந்த ஒரு வருஷம் மட்டும் கல்லைத் தொடாதீர்கள், அது எவ்வளவு சாய்கிறது என்று எல்லாரும் பார்க்கட்டும் என்று சொன்னேன். என் குரல் எப்போதுமே கொஞ்சம் உயரம். அன்றைக்கு இன்னும் உயர்ந்திருக்கும். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“டீச்சரம்மா, வகுப்ப ஸ்கூலோட வச்சுக்க” என்றார் அத்தான் சிரித்துக்கொண்டே. “கோணக் கல்லுல பழம் வெட்டுனா ஊரு என்னையத்தான் பேசும்.”

கதவைக் காட்டினேன். பலகை சரியில்லை என்றார். சுவரில் விழுந்திருந்த வெடிப்பைக் காட்டினேன். இந்த லயம் வெள்ளைக்காரன் கட்டியது, வெடிப்பு இல்லாத லயம் எங்கே இருக்கிறது, ஒன்று காட்டு பார்ப்போம் என்றார். அது உண்மைதான். எங்கள் வீடுகளின் இலட்சணத்துக்கு ஆபத்து எது, வழக்கம் எது என்று பிரிக்கவே முடியாது. கூரை ஒழுகினாலும், தரை இறங்கினாலும், சுவர் வயிறு தள்ளினாலும் எங்களுக்கு அதன் பெயர் லயம்தான். அந்தக் கோபம் எனக்கு அத்தான் மேல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எதிரே இருந்தவர் அவர்தான், அதனால் அவர் மேல் கொட்டிவிட்டு வந்தேன்.

அந்த வருஷம் கல்லை நிமிர்த்தியதோடு விடவில்லை. வெளிநாட்டில் வேலை செய்யும் தோட்டத்துப் பையன்கள் சேர்ந்து கோயிலுக்குச் சிமெந்து வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மீந்த சிமெந்தை அத்தான் ஏழாங்கட்டைக்கு ஒதுக்கிவிட்டார். கல்லைச் சுற்றி ஆழமாகக் குழி வெட்டி, கம்பி வைத்து, கொங்கிரீட் போட்டு, மேலே பளபளவென்று பூசிவிட்டார்கள். இனி சாயவே சாயாது என்று கடைவீதியில் ஒரே பெருமை. நான் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். சிமெந்தின் மேல் யாரோ விரலால் ஓம் போட்டிருந்தார்கள். கல்லின் வாயைக் கட்டிப் போட்டுவிட்டீர்களே, பாவிகளா என்று மனதுக்குள் திட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், உதடு அசைந்திருக்கும் போல.

ஐப்பசி பிறந்தது. பிடித்த மழை விடவில்லை. பள்ளத்து லயத்து ஆட்களைப் பாடசாலைக்கு வரச் சொல்லி அறிவித்தல் வந்தது. ஒவ்வொரு மழைக்கும் வருகிற அறிவித்தல்தான். பாயைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள், என் வகுப்பறையில் சமைப்பார்கள், மழை விட்டதும் திரும்பிப் போவார்கள். ஒன்றும் நடக்காததால் சலிப்பும் கேலியுமாக வருவார்கள். ஆனாலும் வருவார்கள். வராதவர்கள் இரண்டே பேர்தான், என் அக்காவும் அத்தானும். காரணம் அந்த மாடு. பாடசாலைக்குள் மாட்டை விடமாட்டார்கள். மாட்டைத் தனியே விட அக்கா மாட்டாள். மற்றவர்கள் தங்கள் மாடுகளுக்குப் புல்லைப் போட்டு, தொழுவத்திலேயே கட்டிவிட்டு வந்திருந்தார்கள்.

மத்தியானம் மழை சற்றுத் தூறலானதும் நான் குடையோடு இறங்கினேன். ஏழாங்கட்டையடியில் கால் நின்றது. கல் சிப்பாய் மாதிரி நேராக நின்றது. ஒரு நூல் சாயவில்லை. ஆனால் தார்ப் பாதைக்கும் கொங்கிரீட்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. போன திருவிழாவில் அந்த இடத்தில்தான் அத்தான் நின்று பழம் வெட்டினார். குடையை மடக்கி அந்த வெடிப்புக்குள் விட்டேன். கைப்பிடி வரை போனது. அடி தட்டவில்லை. குடையை உருவி எடுத்தேன்.

தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கினேன். லயத்தை நெருங்க நெருங்க ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டது, என்னவென்று பிடிபடவில்லை. லயத்து முற்றத்தில் கால் வைத்த பிறகுதான் புரிந்தது. பீலி ஓடவில்லை. நான் பிறந்த நாளிலிருந்து அந்தப் பீலி நின்றதில்லை, கடும் வெயிலிலும் நூலாகவாவது ஓடும். மலை முழுக்கத் தண்ணீராக நிற்கிற நேரத்தில் அது வறண்டு, சொட்டு விடாமல் நின்றது. அக்கா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகச் சத்தம் இல்லாமல் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று சொன்னாள்.

வாசல் கதவு பாதி திறந்தபடியே இறுகிப் போயிருந்தது. சீவ இனிப் பலகை இல்லை. பின்பக்கக் குசினி வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தார்கள். வா அக்கா, இப்போதே வா என்றேன். பின்னேரம் பால் கறந்துவிட்டு வருகிறேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டாள். அத்தான் உள்ளே பாயில் படுத்திருந்தவர் எழுந்து வந்து, சிமெந்து போட்டாச்சு, கல்லு நேராத்தான் நிக்குது, போய்ப் பாரு என்றார். பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்று சொன்னேன். வெடிப்பைச் சொன்னேன். குடை போன ஆழத்தைச் சொன்னேன். பாதை ஓரம் என்றால் மழைக்கு அரிக்கும்தான் என்றார்.

அதற்கு மேல் பேச எனக்குப் பொறுமை இல்லை. பின்பக்கம் போனேன். தொழுவத்தில் மாடு அசைபோட்டுக்கொண்டு நின்றது. மிருகங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பார்கள். ஒரு மண்ணும் தெரியாது. அந்த மாடு அவ்வளவு சாவகாசமாக நின்றது. முடிச்சை அவிழ்த்து, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, குறுக்குப் பாதையில் மேலே இழுத்தேன். நான் படித்த படிப்பிலும், கற்பித்த பாடத்திலும் இல்லாத வேலை அது. மாடு இரண்டு முறை என்னைத் தேயிலைக்குள் தள்ளியது. சேலை கிழிந்தது. அதன் முதுகில் என் குடையாலேயே அடித்தேன்.

அக்கா பார்த்துவிட்டாள். சுளகை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். நீ விளங்குவியா என்று கேட்டாள். என் தாலியறுக்க வந்தவள் என்றுகூடச் சொன்னாள். அவள் பின்னால் அத்தான், செருப்பு இல்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. வரட்டும், திட்டிக்கொண்டே வரட்டும், திட்டு நிற்காதவரை அவர்கள் பின்னால் வருகிறார்கள் என்றுதானே அர்த்தம். பாதையைத் தொட்டு, வெடிப்பைத் தாண்டி, கடைவீதிப் பக்கம் ஏறி, முதல் வளைவு திரும்பியபோது அக்கா கயிற்றை எட்டிப் பிடித்துவிட்டாள். ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றோம்.

அப்போதுதான் அது இறங்கியது. பெரிய லொறியில் இருந்து கருங்கல் கொட்டுகிற சத்தம். கொட்டி முடிகிற நேரத்தில் அது முடியவில்லை, கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சை மண் வாசம் வந்தது, யாரோ முகத்துக்கு நேரே குழி வெட்டின மாதிரி. வளைவுக்கு அந்தப் பக்கம் பாதை இல்லை. தேயிலை இல்லை. பள்ளத்து லயத்தின் தகரம் ஒன்று எங்கோ கீழே மடங்கிக் கிடந்தது.

அத்தான் நடுப்பாதையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா மட்டும் நிறுத்தவில்லை. “கயித்த இப்பிடியா இறுக்குறது? கழுத்து அறுந்து போச்சு பாரு” என்று மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே என்னைத் திட்டினாள். கடைவீதிக்கு வந்து சேரும் வரை கழுத்தையும் கயிற்றையும் பற்றித்தான் பேசினாள். நானும் ஆமாம், தப்புத்தான், இறுக்கிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

எங்கள் லயத்தில் ஆள் சேதம் இல்லை. பத்திரிகையில் ஓரமாக அப்படித்தான் போட்டிருந்தார்கள். கட்டிவிட்டு வந்த மாடுகளைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. மண்ணைத் தோண்டியபோது ஒவ்வொன்றும் கட்டின இடத்திலேயே, கயிறு முறுக்கேறி, மேட்டுப் பக்கம் கழுத்தை நீட்டியபடி கிடந்தது. அவற்றின் சொந்தக்காரிகள் அழுத அழுகையை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. பெற்ற பிள்ளைக்கு அழுத மாதிரி அழுதார்கள். அக்கா அவர்கள் பக்கமே போகவில்லை. தன் மாட்டைக் கடைவீதிக்குப் பின்னால் மறைத்துக் கட்டிக்கொண்டாள், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று.

ஏழாங்கட்டையை நாங்கள் கண்டது பிறகுதான். கொங்கிரீட்டோடு சேர்ந்து முழுசாக இறங்கி, அக்காவின் குசினி இருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது. நேராக. துளி சாயவில்லை. ஏழு என்ற எண் மழையில் கழுவிப் பளிச்சென்று இருந்தது.

முகாமில் காலம் தள்ளிய பிறகு வேறொரு மலையில் காணி பிரித்து வீடு கொடுத்தார்கள். தனி வீடு, தனிக் கதவு. அறுந்த பழைய பாதையைச் சரிவுக்கு மேலே புதிதாக வெட்டி இணைத்துவிட்டார்கள். கல் இல்லாத அந்த இடத்தில் இன்றைக்கும் ஏழாங்கட்டை என்று கத்தித்தான் பஸ்ஸை நிறுத்துகிறார்கள். புது ஊருக்குத் திருவிழா வேண்டும், திருவிழாவுக்கு எல்லை வேண்டும். அதனால் இளைஞர்கள் சேர்ந்து கல்லை மண்ணிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன் காலில் ஒட்டியிருந்த கொங்கிரீட்டைச் சுத்தியலால் உடைத்தது அத்தான். யாரையும் கிட்ட விடவில்லை, கை கொப்பளித்தும் நிறுத்தவில்லை. குழி வெட்டி வெறும் மண்ணில் நட்டார்கள். ஏழு மைலுக்கும் அந்த இடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. யாருக்கும் அது உறுத்தவும் இல்லை.

நான் புது வீடு பார்க்கப் போன அன்று அத்தான் என்னைக் கல்லடிக்குக் கூட்டிப் போனார். அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்லின் அடியைக் கையால் காட்டி, “சிமெந்து போடல” என்றார். அவ்வளவுதான். நான் குனிந்து அந்த அடிமண்ணைத் தொட்டுப் பார்த்தேன்.

அதன் பிறகு திருவிழாவுக்கு அலவாங்கு வருவதில்லை. சுண்ணாம்பு மட்டும் அடிக்கிறார்கள். ஆனால் அந்த வழியில் போகிறவர்கள் எல்லாரும், பிள்ளைத்தாய்ச்சியிலிருந்து கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் வரை, ஒரு கண்ணைக் கல் மேல் போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். கும்பிடுகிற பார்வை இல்லை அது. காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற பார்வை. நான் போனாலும் முதலில் கல்லடிக்குப் போய்விட்டுத்தான் அக்கா வீட்டுக்குப் போவேன். கல் நேராக நின்றால் எனக்குச் சோறு இறங்கும்.

இந்த ஐப்பசியிலும் மழை. அதே மாதிரி விடாத மழை. மூன்றாம் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது கைப்பையில் போன் அடித்தது. பாட நேரத்தில் நான் போன் எடுப்பதில்லை, எடுக்கிற டீச்சர்களைக் கண்டாலும் எனக்குப் பிடிக்காது. பெயரைப் பார்த்ததும் எடுத்தேன். அக்கா. பின்னால் மழைச் சத்தம், அத்தான் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கூப்பிடுகிற சத்தம், கிட்டத்தில் மாடு மூச்சு விடுகிற சத்தம். அக்கா பதறவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

“கல்லு சாஞ்சிருச்சுடீ. மாட்ட அவுத்துட்டேன். எந்தப் பக்கம் போறதுன்னு சொல்லு.”